ட்ரங்குப் பெட்டிக்குள் ஓர் இலக்கணம்

மதுரையில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் சேர்ப்பவர்களின் கைகளில் இப்போது ஒரு விலைப்பட்டியல் சுற்றி வருகிறது. பட்டியல் நாலே பக்கம். அதற்கு முன்னுரை பதினாறு பக்கம். சாமி சிறியது, சப்பரம் பெரியது என்று நான் குறை சொல்லவில்லை. சித்திரைத் திருவிழா பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு அது பழகிய காட்சிதான். ஆனால் அந்தச் சப்பரத்தின் நெற்றியில் ‘ஆய்வு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களே, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வியாபாரி விலை சொல்லட்டும், வாங்குபவன் பேரம் பேசட்டும், இரண்டும் தர்மம். வியாபாரி வரலாறு சொல்ல ஆரம்பித்தால் மட்டும் பேரம் பேசாமல் கைகட்டிக் கேட்க வேண்டும் என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். தியேட்டர் வாசலில் ஒரு அணாவுக்கும் இரண்டு அணாவுக்கும் விற்ற மெல்லிய புத்தகங்கள் அவை. முன்பக்கம் நடிகர் படம், உள்ளே நடிகர் பட்டியல், உச்சக் காட்சிக்கு முன்னால் நிறுத்தி மீதியைத் திரையில் பார்க்கச் சொல்லும் கதைச்சுருக்கம், பிறகு பாட்டுகள். மட்டமான தாளில் அச்சடித்து, வாங்கியவர் பாடிப் பாடிக் கிழித்துப் போட்டதால் இன்று மிஞ்சியவை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் ஒரு பெரிய நடிகரின் முதல் படத்துப் புத்தகம் என்றால் விலை வேறு. ஆகவே ‘முதல்’ எது என்ற கேள்வி வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. அதைத் தீர்மானிப்பவர் கையில் கல்லாப்பெட்டியின் சாவியும் சேர்ந்தே வருகிறது. முன்னுரைகாரர் இதை அறியாதவர் அல்லர். அறிந்ததால்தான் பதினாறு பக்கம் செலவழித்திருக்கிறார்.

அவருடைய தலையாய விதி இது: நடிகர் கதாநாயகனாக நடித்த படமே அவருடைய முதல் படம், அதற்கு முன்பு துண்டு வேடங்களில் தலைகாட்டியதெல்லாம் பயிற்சிக் காலம். இதன்படி எம்.ஜி.ஆரின் முதல் படம் 1947இல் ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பில் ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கிய ‘ராஜகுமாரி’. 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’யில் அவர் போலீஸ் இன்ஸ்பெக்டராக வந்ததை ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிடுகிறார். சின்ன வேடம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் சின்ன வேடம் என்பது வேடமே இல்லை என்று எப்போது ஆயிற்று? இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் ‘இரு சகோதரர்கள்’, ‘மாயா மச்சீந்திரா’, பாகவதரின் ‘அசோக்குமார்’, நம் ஊர் எம்.எஸ். நாயகியாக நடித்த ‘மீரா’ என்று வரிசையாகப் படங்கள் கிடக்கின்றன. பாண்டவர்களின் வனவாசத்தைக்கூட வியாசர் கணக்கில் சேர்த்துத்தான் பாரதம் பாடினார். முன்னுரைகாரருக்கோ பதினோரு ஆண்டுகள் ஒரு அடைப்புக்குறியில் அடங்கிவிடுகின்றன. அந்தப் படங்களில் நடித்துக் கூலி வாங்கியவர் வேறு யாரோ ஒரு ராமச்சந்திரனா?

சரி, விதி என்று ஒன்று வைத்தால் அதன்படி நடப்பவரை எதிர்த்து வாதாடலாம், மதிக்கவும் செய்யலாம். இவரோ முதல் பக்கத்தில் விதியை வைத்து மூன்றாம் பக்கத்தில் மறந்துவிடுகிறார். ரஜினிகாந்துக்கு அவர் பட்டியலில் முதல் இடம் பிடித்திருப்பது 1975இல் வந்த ‘அபூர்வ ராகங்கள்’. கே.பாலசந்தரின் அந்தப் படத்தில் ரஜினி கதாநாயகனா? கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, சில காட்சிகளில் கதையை விட்டே போய்விடும் பாண்டியன் அவர். கதாநாயக விதிப்படி பார்த்தால் 1978இல் வந்த ‘பைரவி’யல்லவா அந்த இடத்தில் இருக்க வேண்டும்? கமல்ஹாசனுக்கு ‘களத்தூர் கண்ணம்மா’ என்கிறார். 1960 ஆகஸ்டில் அந்தப் படம் வந்தபோது கமலுக்கு ஆறு வயது நிறையவில்லை. கதாநாயகன் ஜெமினி கணேசன். பால் மணம் மாறாத பிள்ளைக்குத் தந்த சலுகையை பத்தொன்பது வயதில் இன்ஸ்பெக்டர் தொப்பி மாட்டிய மனிதருக்குத் தர மறுப்பது எந்த நீதி? கதாநாயகனாகத்தான் வேண்டுமென்றால் கமலுக்கு 1974இல் மலையாளத்தில் வந்த ‘கன்யாகுமாரி’யைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னாலோ அவருடைய இன்னொரு விதி, தமிழல்லாத படங்கள் கணக்கில் வரா என்ற விதி, குறுக்கே படுத்துக்கொள்கிறது. ஒரு வாசலில் நுழைந்தால் மறு வாசலில் தானே நின்று தன்னையே தடுக்கும் காவல்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதே விதியைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நடந்து பார்ப்போம். ‘சதிலீலாவதி’யில் அறிமுகமானவர் எம்.ஜி.ஆர். மட்டுமல்ல. டி.எஸ்.பாலையாவுக்கும் அதுதான் முதல் படம், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அதில் நடித்தார். கலைவாணர் கதாநாயகனாக ஆகாத காலமெல்லாம் பயிற்சிக் காலமா? பாலையா வாழ்நாள் முழுக்கப் பயிற்சியிலேயே இருந்து போனாரா? நம் ஊர்க்காரர் வடிவேலுவையே எடுத்துக்கொள்வோம். 1988இல் டி.ராஜேந்தரின் ‘என் தங்கை கல்யாணி’யில் தலைகாட்டியதா, 1991இல் ராஜ்கிரணின் ‘என் ராசாவின் மனசிலே’ வழியாக ஊரறிய வந்ததா, எது முதல் என்று இரண்டு நியாயமான மனிதர்கள் ஒரு டீ ஆறும்வரை வாதாடலாம். ஆனால் முன்னுரைகாரரின் விதியோ இரண்டையும் தள்ளிவிட்டு, 2006இல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’தான் வடிவேலுவின் முதல் படம் என்று தீர்ப்புச் சொல்கிறது! அதற்கு முன் ஒன்றரைப் பத்தாண்டு காலம் தமிழ்நாடே வயிறு வலிக்கச் சிரித்தது பிரமையாக இருக்கும். வடிவேலுவை அவர் பட்டியலில் சேர்க்கவே இல்லை. தெரிந்தே விட்டாரா, தெரியாமல் விட்டாரா என்பதை வாசகரின் ஊகத்துக்கு விடுகிறேன்.

கதாநாயக விதி தள்ளாடும் என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொரு விதி: புத்தகத்தில் நடிகரின் பெயர் உலகம் அறிந்த வடிவில் அச்சாகியிருக்க வேண்டுமாம். இந்த இடத்தில் முன்னுரைகாரர் தன் கழுத்துச் சுருக்கைத் தானே அளவெடுத்துத் தைத்திருக்கிறார். ‘ராஜகுமாரி’ காலத்தில் எம்.ஜி.ஆர். எந்தப் பெயரில் நடித்தார்? எம்.ஜி.ராமச்சந்தர். டி.ஆர்.ராமச்சந்திரன் என்று ஏற்கெனவே பெயர்பெற்ற நடிகர் ஒருவர் இருந்ததால் வந்த மாற்றம் அது. 1950களில்தான் ராமச்சந்திரன் முழுமையாகத் திரும்பி வந்தார். உலகம் அறிந்த வடிவம் வேண்டுமென்றால் ‘ராஜகுமாரி’யும் வெளியே போகட்டும். போக விடுவாரா? மாட்டார். அதே ‘ராஜகுமாரி’க்கு மு.கருணாநிதியின் முதல் படம் என்ற இரண்டாவது மகுடத்தையும் சூட்டி, இரண்டு முதலமைச்சர்கள் ஒரே புத்தகத்தில் என்று விலையை ஏற்றுகிறார். அந்தப் படத்தில் வசனகர்த்தா என்ற இடத்தில் பெயர் போட்டுக்கொண்டவர் ஏ.எஸ்.ஏ.சாமி, கருணாநிதிக்குக் கிடைத்தது ‘உதவி’. நடிகருக்குத் துணை வேடம் செல்லாது, எழுத்தாளருக்கு உதவி வசனம் செல்லும்! ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தில் இரண்டு நீதியா? என் கட்சி இரண்டும் செல்லும் என்பது. ‘ராஜகுமாரி’ கருணாநிதிக்கு முதல் படம், எம்.ஜி.ஆருக்கு முதல் கதாநாயகப் படம். இப்படி நேராகச் சொன்னால் அதன் மதிப்பு குறைந்தா போகும்?

தேதி விவகாரத்துக்கு வருவோம். சிவாஜி கணேசனுக்கு ‘பராசக்தி’ என்கிறார். முடிவில் எனக்குச் சண்டை இல்லை. 1952 அக்டோபர் 17, தீபாவளி அன்று அது வெளிவந்தது. அப்போதுதான் திறந்த நம் தங்கம் தியேட்டரில் முதல் படமாக ஓடி நூறு நாளைத் தாண்டியது. ஆனால் சிவாஜி அதற்கு முன்பே அஞ்சலிதேவியின் நிறுவனத்துக்கு, எல்.வி.பிரசாத் இயக்கத்தில் தெலுங்கில் ‘பரதேசி’ என்றும் தமிழில் ‘பூங்கோதை’ என்றும் எடுத்த படத்துக்கு ஒப்பந்தமாகியிருந்தார். ‘பராசக்தி’யின் தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் முதலியார் கேட்டுக்கொண்டதால் அவர்கள் பெருந்தன்மையோடு பின்வாங்கி, தங்கள் படத்தை 1953இல் வெளியிட்டார்கள். கையெழுத்துப் போட்ட வரிசையை விட்டுவிட்டு வெளியீட்டுத் தேதியையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று முன்னுரைகாரர் இங்கே ஓங்கிச் சொல்கிறார். நல்லது, நானும் கைதட்டுகிறேன். ரஜினியிலும் அதே நியாயம்: புட்டண்ணா கணகாலின் கன்னடப் படம் ‘கதா சங்கமா’ 1976இல் வந்ததால் ‘அபூர்வ ராகங்க’ளுக்குப் பிந்தியது. இரண்டாம் முறையும் கைதட்டுகிறேன்.

அடுத்து டி.எம்.சௌந்தரராஜன். நம் ஊரில் 1922இல் பிறந்து, உலகமெல்லாம் கேட்ட குரல். அவருடைய முதல் படமான ‘கிருஷ்ண விஜயம்’ 1950இல் வெளிவந்தது. பாட்டு 1946இலேயே கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில், எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில் பதிவாகிவிட்டது. முன்னுரைகாரர் பட்டியலில் இந்தப் புத்தகத்தின் பக்கத்தில் என்ன ஆண்டு தெரியுமா? 1946! வெளியீட்டுத் தேதி என்று எட்டாம் பக்கத்தில் சங்கு ஊதியவர் பதினோராம் பக்கத்தில் பதிவுத் தேதிக்குத் தாவிவிட்டார். 1946இல் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் ஸ்டுடியோச் சுவர்களும் ஒலிப்பதிவுக்காரரும்தான். வெளிவராத படத்துக்கு எந்தத் தியேட்டர் வாசலில் எவர் பாட்டுப் புத்தகம் விற்றார்? பதிவு வரிசைதான் பெரிது என்றால் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கும் அதே மரியாதையைச் செய்ய வேண்டாமா? தமிழில் அவர் ‘அடிமைப் பெண்’ணுக்கு முன்பே ‘சாந்தி நிலைய’த்துக்குப் பாடினார், ‘அடிமைப் பெண்’ முதலில் வெளிவந்தது, தமிழ் உலகம் அவரை எம்.ஜி.ஆரின் குரலாகத்தான் முதலில் கேட்டது. பட்டியலில் எஸ்.பி.பி.க்கு ‘அடிமைப் பெண்’ என்றே போட்டிருக்கிறார். அதாவது வெளியீட்டுத் தேதி. ஆக, நாலு ஆண்டு பழசாகக் காட்டினால் விலை ஏறும் இடத்தில் பதிவுத் தேதி, எம்.ஜி.ஆர். பெயர் அட்டையில் இருந்தால் விலை ஏறும் இடத்தில் வெளியீட்டுத் தேதி. இதில் ஒரு கொள்கை இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது என்ன கொள்கை என்று வாசகருக்குப் புரிந்திருக்கும்.

தமிழ் மட்டும் என்ற விதியை நான் நீட்டப் போவதில்லை. ஜெயலலிதாவுக்கு ‘வெண்ணிற ஆடை’ என்கிறார். அதற்கு முந்தைய ஆண்டே கன்னடத்தில் ‘சின்னத கொம்பெ’ வந்துவிட்டது. ‘முதல் தமிழ்ப் படம்’ என்று அச்சடித்தால் பிரச்சினை தீர்ந்தது. ஓர் அடைமொழிக்கு அச்சுமை செலவாகும் என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது.

இனி வருவதுதான் இந்த முன்னுரையின் உயிர்நிலை. பதிமூன்றாம் பக்கத்தில், சின்ன எழுத்தில், யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது: படம் முதல் படமாக இருந்தால் போதும், புத்தகம் எந்த ஆண்டு அச்சானது என்பது இரண்டாம்பட்சம், மறுவெளியீட்டின்போது அச்சானதும் ‘முதல் புத்தகமே’. பதினாறு பக்கச் சப்பரமும் இந்த ஒரு வரியைச் சுமந்து வரத்தான் கட்டப்பட்டது என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் அவர் பட்டியலில் அதிக விலைக்கு நிற்கும் ‘பராசக்தி’ புத்தகத்தின் அட்டைப் படத்தை அவரே அச்சிட்டிருக்கிறார். அதன் மூலையில் விலை இருக்கிறது. என்ன விலை? நயா பைசாவில்! இந்தியாவில் நயா பைசா புழக்கத்துக்கு வந்த நாள் 1957 ஏப்ரல் 1. ‘பராசக்தி’ வந்து நாலரை ஆண்டு கழித்து. 1952 தீபாவளிக்குத் தங்கம் தியேட்டர் வாசலில் நின்றவர் சட்டைப்பையில் அணா இருந்தது, காலணா இருந்தது, ஆண்டவன் அருளால் ரூபாய்கூட இருந்திருக்கலாம். நயா பைசா இருந்திருக்க வழியில்லை. 1964க்குப் பிறகு ‘நயா’ என்ற சொல்லும் உதிர்ந்து வெறும் பைசா ஆயிற்று. ஆக, அந்தப் புத்தகம் தன் பிறந்த தேதியைத் தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு நிற்கிறது. அட்டையைப் படமெடுத்து அச்சிடத் தெரிந்தவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லையா? அல்லது படித்துவிட்டுத்தான் அந்த விதியை எழுதினாரா? முதலாவது உண்மையானால் அவர் ஆய்வாளர் அல்லர். இரண்டாவது உண்மையானால் அவர் வியாபாரிகூட அல்லர்.

மறு அச்சு இழிவானது என்று நான் சொல்லவில்லை. புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் பெரிய எழுத்துக் கதைகளை மறு அச்சிலேயே வாங்கிப் படித்து வளர்ந்த ஊர் இது. ஆனால் எவரும் அவற்றை மூலப் பதிப்பு என்று சொல்லி விற்கவில்லை. மறு அச்சுக்கு மறு அச்சின் விலை. கடல் கடந்து இதே நோய்க்கு ஆளானவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்கலாம். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்க்கும் பெருங்கூட்டம் உண்டு. ஓர் ஆட்டக்காரரின் ‘ரூக்கி கார்டு’, அதாவது அறிமுக அட்டை, எது என்பதில் அவர்கள் பல்லாண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள். டாப்ஸ் நிறுவனம் தன் புகழ்பெற்ற 1952ஆம் ஆண்டு அட்டைகளை 1983இல் தானே மறு அச்சிட்டது. அதை 1952இன் விலைக்கு விற்க எந்தக் கடைக்காரராவது முயன்றிருந்தால் சிரித்தே அனுப்பியிருப்பார்கள்.

இதே 1952ஆம் ஆண்டு டாப்ஸ் வரிசையில்தான் முன்னுரைகாரரின் கடைசி வாதத்துக்கும் பதில் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் எதற்கு அதிக விலை தருகிறார்களோ அதுவே முதல் என்று சந்தை ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டது என்கிறார். மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் 1952 டாப்ஸ் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆனால் அது மேன்டிலின் அறிமுக அட்டை அல்ல. அறிமுக அட்டை அதற்கு முந்தைய ஆண்டு, 1951இல், பௌமன் நிறுவனம் வெளியிட்டது. இது அங்கே அட்டை சேர்க்கும் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். தெரிந்தும் அதிக விலை இரண்டாவதற்குத்தான். விலைக்காக எவரும் ஆண்டைத் திருத்தவில்லை. இன்னொன்றும் உண்டு. பேப் ரூத் பெரிய லீக்குக்குப் போகுமுன், 1914இல், பால்டிமோர் பத்திரிகை ஒன்று அவர் உள்ளூர் அணியில் ஆடியபோது வெளியிட்ட அட்டை 2023இல் 72 லட்சம் டாலருக்குப் போயிற்று. பெரிய லீக் அறிமுகத்துக்கும் முந்திய அட்டை அது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். பிள்ளையாக நடித்த காலத்து நாடக நோட்டீஸ் ஒன்று, அவர் பெயரோடு, எவரிடமாவது இருந்தால் அதற்கு நேரான பொருள் அதுதான். அதைத் திரைப்படப் புத்தகம் என்று பொய் சொல்லாமலே தலையில் வைத்துக் கொண்டாடலாம்.

அமெரிக்கா வரை போவானேன் என்பவர்களுக்கு உள்நாட்டு உதாரணம் தருகிறேன். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை முழுமையாக 1887இல் பதிப்பித்தார். அதற்கு முன்பே 1868இல் பவர் பாதிரியார் நாமகளிலம்பகத்தை மட்டும் அச்சேற்றியிருந்தார். இதைச் சொல்வதால் ஐயரின் உழைப்பு ஓர் இம்மியாவது குறைந்ததா? முதலில் வந்தது ஒரு செய்தி. பெரிதாக வந்தது ஒரு சாதனை. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் திணித்தால்தான் சரக்கு விற்கும் என்று நினைப்பவருக்கு வாங்குபவரின் மூளை மேல் மரியாதை இல்லை.

முன்னுரைகாரரின் ட்ரங்குப் பெட்டியை நான் திறந்து பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். விதிகளைப் படித்தாலே உள்ளே இருப்பது தெரிகிறது. ‘ராஜகுமாரி’ இருக்கிறது, ‘சதிலீலாவதி’ இல்லை. நயா பைசா ‘பராசக்தி’ இருக்கிறது, இரண்டணா ‘பராசக்தி’ இல்லை. ‘அபூர்வ ராகங்கள்’ இருக்கிறது, ‘பைரவி’ இல்லை. பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றாவது தவறுகிறதா? நாம் சேர்ப்பது காகிதம். ஆகவே கேட்க வேண்டியது இவ்வளவுதான்: பொதுமக்கள் முன் வெளிவந்த எந்தப் படத்தில் அவர் முதலில் இடம்பெற்றார், அந்த வெளியீட்டின்போது அச்சான புத்தகம் இதுதானா? வேடத்தின் நீளம் இதில் வராது, பிற்காலப் புகழ் வராது, என் கையில் எது இருக்கிறது என்பதும் வராது.

இப்படி வைத்துக்கொண்டாலும் நெருடும் இடங்கள் இருக்கவே செய்யும். உண்மையான ஆய்வு தொடங்க வேண்டிய இடங்கள் அவைதான். ‘பராசக்தி’க்கு ஓராண்டு முன்பே, 1951இல் எச்.எம்.ரெட்டியின் ‘நிரபராதி’ வந்தது. அதன் தமிழ் வடிவத்தில் கதாநாயகன் முக்காமலாவுக்குக் குரல் கொடுத்தவர் சிவாஜி. டி.எம்.எஸ்.ஸுக்கும் எஸ்.பி.பி.க்கும் குரல் போதுமானால் சிவாஜிக்கு மட்டும் குரல் போதாதா? பாடகருக்குக் குரலே தொழில், நடிகருக்கு முகமும் வேண்டும் என்று ஒருவர் சொல்லலாம். சிவாஜி விஷயத்தில் குரலை அப்படிக் கழித்துவிட்டுப் பேசினால் தமிழ்நாட்டில் அடிதான் விழும். பதினாறு பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், ‘இதர புத்தகங்கள்’ என்ற தலைப்பின் கீழ், தலைப்பு மறந்துபோன டப்பிங் படங்களோடு ஒரே கட்டாகக் கட்டி, பழைய பேப்பர் விலைக்கு ஒரு ‘நிரபராதி’ கிடக்கிறது. அந்தக் கட்டை எனக்காக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். பேரம் பேசப் போவதில்லை.